நம் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?
சிற்றூர்ப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாடம்

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று சங்க அன்பர்கள் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஆசிரியர் அல்லன். பொறியியலில் பட்டயம் வாங்கிக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் தண்டவாளம், ஜல்லி, ஸ்லீப்பர் என்று இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பிள்ளைக்குப் பள்ளி தேர்ந்தெடுப்பதில் ஒரு பெரிய தவறு செய்தவன். அந்தத் தகுதி போதும் என்று கருதியே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் என் தங்கை மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் குடியிருக்கிறாள். அவள் கணவருக்கு வாழைத்தார் வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருடம் ஆகிறது. மூத்தவள் பெண், நாலாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இளையவன் பையன், ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

"மாமா, இங்கே சுத்துவட்டாரத்துல நாலு பள்ளிக்கூடம் இருக்கு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு நல்லதுங்கிறாங்க. நீங்க ஒருதரம் வந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

"நான் என்னம்மா கண்டேன்?" என்றேன்.

"பாலத்தைப் பாத்தா நல்லாருக்கு, நல்லா இல்லேன்னு சொல்வீங்கள்ல? அது மாதிரிதான்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை அசைத்தது. நான்கு நாள் அங்கே தங்கி நான்கு பள்ளிகளையும் பார்த்தேன். கண்டதையும் கற்றதையும் கிராமப்புறங்களில் குடியேறியுள்ள நம் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று பாடமாக எழுதுகிறேன். பள்ளிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒப்பிடும் முறைதான் இங்கே முக்கியம்.

1. நான் செய்த தவறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் எனக்குக் கேரளத்துக்குள்ளேயே ஒரு சிறிய ஊருக்கு மாற்றல் வந்தது. மகனை எங்கே சேர்ப்பது என்று விசாரித்தேன். ஒரு பள்ளியின் வாசலில் "பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பெரிய பலகை இருந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. சேர்த்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் பையனுக்குக் கணக்கு கொஞ்சம் பின்தங்கியது. பள்ளியிலிருந்து கூப்பிட்டு, "வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டால் பையனுக்கு நல்லது" என்று மரியாதையாகச் சொன்னார்கள். அப்போதுதான் அந்த நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்று புரிந்தது. தேறாதவர் எவரும் அங்கே தேர்வு எழுதுவதே இல்லை.

அது போகட்டும். பையன் வேறு பள்ளியில் தேறி, இன்று நல்ல வேலையில் இருக்கிறான். போனது வேறொன்று. அந்தப் பள்ளியில் தமிழ் இல்லை. "வீட்டில் பேசுகிறோமே, எழுத்து தன்னால் வந்துவிடும்" என்று நானும் என் மனைவியும் இருந்துவிட்டோம். எழுத்து தன்னால் வருவதில்லை. வள்ளியூரில் இருந்த என் தாயார் மாதம் ஒருமுறை பேரனுக்கு இன்லண்டு கடிதம் எழுதுவார். நான் வேலையிலிருந்து வந்து வாசித்துக் காட்டுவேன். வெளியூர் வேலையில் இருந்தால் கடிதம் பிரிக்கப்படாமலே கிடக்கும். தாயார் காலமான பிறகு பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, பிரிக்காத கடிதங்கள் மூன்று கிடைத்தன. இருபது வயது தாண்டிய மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் பாட்டி அவனுக்கு எழுதியதை நான் வாசித்தேன். பள்ளிப் பலகையைப் பார்த்தபோது நான் கேட்காமல் விட்ட கேள்வி அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

2. எல்லையோரத்தின் சங்கதி

நம் பகுதியின் கல்வி வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. கல்விக்கான செலவை அரசே ஏற்கவேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய் 1817-ல் ஆணை பிறப்பித்தார். அன்றைய திருவிதாங்கூரில் தமிழும் மலையாளமும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. 1956 நவம்பர் 1-ம் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ் வீடுகளும் அந்தப் பக்கம் மலையாள வீடுகளும் இருந்தபடியே இருந்தன.

அதே 1956-ல் நமது அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350அ என்ற பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை குழந்தைகள் இருந்தால் வசதி செய்வது? அதற்கு முன்பே, 1949 ஆகஸ்டில் நடந்த மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவு வகுத்திருந்தது. ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். பின்னால் வரும்.

கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளி என்றதும் நமக்கு மூணாறும் தேவிகுளமும் பாலக்காட்டுச் சித்தூரும் நினைவுக்கு வரும். திருவனந்தபுரம் நகரிலேயே சாலைப் பகுதியில் அரசு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பாடநூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் உண்டு. இவை நமக்குக் கிடைத்த உரிமைகள். கேட்டுப் பெறுவோர் இருக்கும்வரைதான் உரிமை நிலைக்கும்.

3. பள்ளிகளின் வகை

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர்க்கு இங்குள்ள ஏற்பாடு குழப்பமாக இருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1 முதல் 4 வரை எல்.பி., 5 முதல் 7 வரை யு.பி., 8 முதல் 10 வரை ஹைஸ்கூல், அதற்கு மேல் ஹையர் செகண்டரி. ஆகவே நாலாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் பள்ளி மாறவேண்டி வரலாம்.

நிர்வாகத்தில் மூன்று வகை. அரசுப் பள்ளி, எய்டட் எனப்படும் உதவி பெறும் பள்ளி, உதவி பெறாத தனியார் பள்ளி. எய்டட் பள்ளியில் ஆசிரியரை நியமிப்பவர் மானேஜர், சம்பளம் கொடுப்பது அரசு. 1958-ம் ஆண்டுக் கேரளக் கல்விச் சட்டமும் 1959-ம் ஆண்டு விதிகளும் இதற்கு அடிப்படை. அரசுப் பள்ளியிலும் எய்டட் பள்ளியிலும் பாடத்திட்டம் ஒன்றே, பொதுத்தேர்வு ஒன்றே. "அது பெரிய பள்ளி, இது சாதாரணப் பள்ளி" என்று ஊரார் பேசுவதில் பாதி கட்டடத்தைப் பற்றியது.

நான் பார்த்த நான்கு பள்ளிகள் இவை.

முதல் பள்ளி: வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அரசு யு.பி. பள்ளி. ஒன்றாம் வகுப்பு முதல் உண்டு. மலையாள வழியும் ஆங்கில வழியும் இருந்தன. பிள்ளைகள் குறைவு.

இரண்டாம் பள்ளி: நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள எய்டட் ஹைஸ்கூல். பஸ் உண்டு. வாசலில் மூன்று ஃபிளக்ஸ் பலகைகள்.

மூன்றாம் பள்ளி: மூன்று கிலோமீட்டரில் ஓர் அரசுப் பள்ளி. தமிழ்ப் பிரிவு உண்டு.

நான்காம் பள்ளி: எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

4. பலகைக் கணக்கு

பெற்றோர் முதலில் கேட்பது தேர்ச்சி சதவிகிதம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2023-ல் 99.70 சதவிகிதம், 2024-ல் 99.69 சதவிகிதம். ஆயிரம் பேர் எழுதினால் மூன்று பேர் தவறுகிறார்கள். மாநிலமே இப்படி இருக்கும்போது ஒரு பள்ளி "நூற்றுக்கு நூறு" என்று பலகை வைப்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? எல்லா ரயிலும் சரியான நேரத்துக்கு வரும் ஊரில் "எங்கள் ரயில் நேரத்துக்கு வரும்" என்று எழுதி வைத்தது போலத்தான். அரசுக்கும் இது தெரிந்தே, எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவிகிதம் குறைந்தபட்சம் வேண்டும் என்ற முறையை 2024-25 கல்வியாண்டில் கொண்டுவந்தது.

இரண்டாவது, சிறிய பள்ளியில் சதவிகிதம் நம்மை ஏமாற்றும். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் தேர்ச்சி 91.67. 240 பேர் எழுதும் பள்ளியில் ஒருவன் தவறினால் 99.58. இரண்டிலும் தவறியவன் ஒருவன்தான். அந்த ஒருவனுக்கு அந்த வாரம் காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம். எனவே சிறிய பள்ளிக்கு ஓர் ஆண்டுக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஐந்து ஆண்டுகளில் எழுதியவர்களைக் கூட்டி, தேறியவர்களைக் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பட்டறிவில் கிடைத்தது. இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் இருப்போர் எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள். இதே அணி எட்டாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அறுபது பேர் ஐம்பதாகிவிட்டால், அந்தப் பத்துப் பேர் எங்கே போனார்கள்? வீடு மாறிப் போயிருக்கலாம். என் மகனைப் போல மாற்றப்பட்டும் இருக்கலாம். பதில் சொல்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தக் கணக்குகளைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் ரகசியம் அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் பதினோரு இலக்க யூடைஸ் எண் உண்டு. அதைக் கொண்டு இணையத்தில் பள்ளியின் விவரத்தைப் பார்க்கலாம். கேரளப் பள்ளிகளின் எண்ணிக்கைக்குச் 'சமேதம்' என்ற தளமும் இருக்கிறது. வீட்டில் உள்ள கல்லூரிப் பிள்ளையிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடும்.

5. நடந்து பார்ப்பது

தண்டவாளத்தை டிராலியில் உட்கார்ந்து போய்ப் பார்ப்பது ஒரு வகை. நடந்து பார்ப்பது வேறு வகை. டிராலியில் தெரியாத தளர்ந்த சாவி நடந்து போகும் கீமேன் கண்ணில் படும். பள்ளியையும் பள்ளி நாளில், வகுப்பு நடக்கும்போது போய்ப் பார்க்கவேண்டும். மே மாத விடுமுறையில் போனால் கட்டடத்தைத்தான் பார்ப்பீர்கள்.

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே நமக்கு நல்ல அளவுகோல். தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை குறைந்தது 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர். அறிவியலும் கணக்கும், சமூகவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர். ஆண்டுக்கு 1 முதல் 5 வரை 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220 வேலை நாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், நூலகம், சுற்றுச்சுவர்.

இந்த அளவுகோலோடு போனபோது நான் கண்டவை:

பலகைகள் வைத்திருந்த பள்ளியில் பெண்களுக்கான கழிப்பறைகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. சாவி அலுவலகத்தில் என்றார்கள். ஆனால் அறிவியல் ஆய்வகம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பிள்ளைகளின் கைபட்டுத் தேய்ந்த கருவிகள். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்.

வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய யு.பி. பள்ளியில் ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடந்தது. முதலில் எனக்கு இது குறையாகவே பட்டது. அரை மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, டீச்சர் நாலாம் வகுப்பைக் கவனித்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலியில் கிராமப் பிள்ளைகளுக்கென்றே பல வகுப்பை ஒன்றாக நடத்தும் முறையை அட்டைகள் கொண்டு உருவாக்கினார்கள். அந்த வழியில்தான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆகவே சேர்ந்த வகுப்பு என்றவுடன் ஒதுக்கிவிடக் கூடாது. டீச்சர் அதற்குத் தயாராக வந்திருக்கிறாரா, அல்லது ஆள் இல்லாமல் சமாளிக்கிறாரா என்பதே கேள்வி.

நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று நான் கேட்கவில்லை. புத்தகம் கொடுக்கும் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். ஒரு பள்ளியில் கடைசிப் பதிவு ஏழு மாதத்துக்கு முந்தியது. சிறிய பள்ளியில் முந்தின நாள் பதிவு இருந்தது. ஒரு பிள்ளையிடம் பாடநூல் அல்லாத ஒரு புத்தகத்தைக் கொடுத்து, நடுப்பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொன்னேன். நான்கு பள்ளியிலும் இதைச் செய்தேன். எந்தப் பலகையும் சொல்லாததை அந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

மதிய உணவு நேரத்தில் இருங்கள். கேரளத்தில் எட்டாம் வகுப்பு வரை சோறும், வாரத்தில் இரண்டு நாள் பாலும், ஒரு முட்டையும் உண்டு. சோறு எப்படி இருக்கிறது, ஆசிரியர் பக்கத்தில் நிற்கிறாரா, எல்லோரும் வரிசையாக அமர்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளைகளை மனிதராக நடத்தும் பள்ளி எது என்று சாப்பாட்டு நேரத்தில் தெரியும்.

தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "எத்தனை பணியிடம் காலி? அந்தப் பாடத்தை இப்போது யார் எடுக்கிறார்?" என்பது. தினக்கூலி ஆசிரியர் நல்லவராக இருக்கலாம். ஆனால் வருடத்துக்கு மூன்று பேர் மாறினால் பிள்ளை என்ன செய்யும்?

6. மொழியை எப்படிப் பார்ப்பது

"தமிழ் உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்பார்கள். அதோடு நிறுத்தக் கூடாது. தமிழ்வழி என்றால் கணக்கும் அறிவியலும் தமிழில். தமிழ் மொழிப்பாடம் என்றால் மற்றவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ, முதல் மொழித் தாள் மட்டும் தமிழில். இரண்டும் வேறு. இவற்றில் எது உண்டு, அதற்குத் தமிழ் படித்த ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனையாம் வகுப்பு வரை அது தொடரும், அதன்பின் அருகில் எந்தப் பள்ளியில் தொடரலாம் என்று கேளுங்கள். நாலாம் வகுப்போடு நின்றுபோகும் பாதை நடுக்காட்டில் முடியும் தண்டவாளம் மாதிரி.

குழந்தை முதலில் எழுத்தறிவது வீட்டு மொழியில் ஆனால் நல்லது என்பது நம் பற்றினால் மட்டும் சொல்வது அல்ல. யுனெஸ்கோ 1953-லேயே இதை எழுதியது. நமது 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழியில் கற்பிக்கச் சொல்கிறது. காரணம் எளிது. வாசிக்கத் தெரியும்போது அர்த்தமும் தெரியவேண்டும். அப்போதுதான் வாசிப்பு ருசிக்கும்.

அதே சமயம் மலையாளத்தை ஒதுக்கச் சொல்லும் அன்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே வாழ்கிறோம். கடையும் ஆஸ்பத்திரியும் பஞ்சாயத்து ஆபீசும் மலையாளத்தில். பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017-ல் கேரளத்தில் வந்தபோது நம்மில் சிலர் கவலைப்பட்டார்கள். தமிழ்நாடு 2006-ல் தமிழுக்கு இதே போன்ற சட்டம் கொண்டுவந்தபோது விளவங்கோட்டு மலையாளப் பெற்றோரும் இப்படித்தான் கவலைப்பட்டிருப்பார்கள். அண்டை வீட்டு மொழியைக் கற்பது நஷ்டமல்ல. நம் மொழியை இழந்துவிட்டு அதைக் கற்பதுதான் நஷ்டம்.

7. எல்லைக்கு அப்பால்

மாப்பிள்ளைக்கு நான்காம் பள்ளி மேல் ஆசை. "மாமா, அங்கே சேத்தா தமிழும் ஆச்சு, சலுகையும் ஆச்சு" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் தொடக்கப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. நான் பார்த்த பள்ளியும் குறை சொல்ல முடியாத பள்ளி.

ஆனால் மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்குள்ள அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். வியாபாரம் இங்கே, ரேஷன் கார்டு இங்கே என்றால் பன்னிரண்டு ஆண்டு தினமும் எல்லை தாண்ட முடியுமா? இடையில் இங்கு மாறினால் பாடத்திட்டம் மாறும். கேரளத்தில் பிளஸ் ஒன் சேர்க்கையில் அதே பள்ளி, அதே பஞ்சாயத்து, அதே தாலுகா மாணவருக்குக் கூடுதல் புள்ளி உண்டு, அதுவும் போகும். தொழிலை மழை கெடுத்த ஒரு மாதத்தில் பெட்ரோலுக்கு யோசித்தால் பள்ளி நின்றுவிடும். கோவிட் காலத்தில் 2020-ல் எல்லை அடைபட்டதை அவரே நினைவுகூர்ந்தார். குடும்பத்தோடு அந்தப் பக்கம் குடிபெயரும் எண்ணம் இருந்தால் சரி. இல்லையென்றால் சலுகைக்காகப் பள்ளி தேடுவது வட்டிக்குக் கடன் வாங்கிச் சேமிப்பது போல என்றேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

8. அவர்கள் எடுத்த முடிவு

நான்காம் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். சிறந்த பள்ளி எது என்ற கேள்வியை விட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்கு, இந்த வகுப்பில் எது சரி என்று கேட்டோம். கேள்வி மாறியதும் விடை இரண்டாயிற்று.

பெண் நாலு வருடம் மலையாள வழியில் நன்றாகப் படித்தவள். ஐந்தாம் வகுப்பில் தமிழ்வழிக்கு மாற்றினால் அவள் அடித்தளத்தை நாமே பெயர்ப்பது ஆகும். அவள் அருகிலுள்ள சிறிய யு.பி. பள்ளிக்கு. தமிழ் எழுத்தை வீட்டில் தினமும் அரை மணி நேரம் தாயார் சொல்லிக்கொடுப்பது; ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியில் வாசிக்கச் சொல்லிக் கேட்பது. ஹைஸ்கூல் வரும்போது ஆய்வகம் நன்றாக உள்ள இரண்டாம் பள்ளியை மறுபடி பார்ப்பது. கழிப்பறைச் சாவியையும் சேர்த்து.

பையன் புது ஏடு. அவனுக்குத் தமிழ்ப் பிரிவு. மூன்று கிலோமீட்டர்தான் தயக்கம். மாப்பிள்ளை வாழைக்காய் எடுக்கப் போகும் வழி அது என்பதால் காலைப் பிரச்சினை தீர்ந்தது. மாலைக்கு அதே வழியில் பிள்ளையை அனுப்பும் இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு ஆட்டோ ஏற்பாடு ஆயிற்று.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. இங்கே ஆறாவது வேலை நாளன்று பிள்ளைகளை எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகும். அன்று மாலை என் தங்கை மகள் கூப்பிட்டாள்.

"மாமா, ஒண்ணாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுல எட்டுப் பேர் இருந்தாங்களாம். இவனோட ஒம்போது."

ஒன்பது. 1949-ல் வகுத்த அந்தப் பத்துக்கு ஒன்று குறைவு. பள்ளி முழுவதுமான எண்ணிக்கை கைகொடுத்ததால் அந்த ஆண்டுக்குப் பிரிவு நடக்கிறது. ஆனால் அந்தச் சிற்றூரைச் சுற்றித் தமிழ் பேசும் குடும்பங்கள் ஒன்பதுதானா? ரப்பர் வெட்டுக்கு வந்தவர்கள், செங்கல் சூளைக்கு வந்தவர்கள், கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. வயதுச் சான்று இல்லை, பழைய பள்ளியின் டி.சி. வரவில்லை என்று தயங்குவோரும் உண்டு. இவற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நுழைவுத் தேர்வு வைக்கவும் கூடாது. இதை அவர்களிடம் யார் சொல்வது? நாம்தான் சொல்லவேண்டும்.

9. கையில் எழுதிக்கொண்டு போக வேண்டிய கேள்விகள்

1. மழை நாளில் பிள்ளை எப்படிப் போய் வரும்? எவ்வளவு நேரம்?
2. இந்த வகுப்பில் எத்தனை பிள்ளை, எத்தனை ஆசிரியர், எத்தனை காலியிடம்?
3. ஐந்தாண்டுத் தேர்வுக் கணக்கு என்ன? எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் பத்தில் எத்தனை பேர்?
4. பின்தங்கிய பிள்ளைக்கு இந்தப் பள்ளி என்ன செய்கிறது?
5. நூலகப் பதிவேட்டின் கடைசித் தேதி என்ன?
6. கழிப்பறை திறந்திருக்கிறதா? தண்ணீர் வருகிறதா?
7. மதிய உணவு எப்படி?
8. தமிழ்வழியா, தமிழ்ப்பாடமா, இரண்டும் இல்லையா? எதுவரை தொடரும்?
9. பள்ளி நிர்வாகக் குழு கூடுகிறதா? அரசுப் பள்ளிக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். நம்மவர் யாராவது அதில் உண்டா?
10. பிள்ளைக்கு அந்த இடம் பிடித்திருக்கிறதா?

பத்தாவது கேள்வியைப் பிள்ளையிடமே கேளுங்கள். நான் என் மகனிடம் கேட்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தமிழ்ப் பிரிவு உள்ள பள்ளி எது, அங்கே ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளை என்று இந்தப் பிப்ரவரிக்குள் விசாரித்துச் சங்கத்துக்கு எழுதுங்கள். பிறகு அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஐந்து வயதுப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சங்க விழாவில் தமிழ் வாழ்க என்று ஆயிரம் பேர் சொல்கிறோம். ஆறாவது வேலை நாளில் வகுப்பறையில் உட்கார ஒரு பத்தாவது பிள்ளை வேண்டும்.

பின்குறிப்பு: பெண் இப்போது தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். போன மாதம் எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. நான்கு வரி. "மாமாத் தாத்தா நலமா" என்று தொடங்குகிறது. ழகரம் வரவேண்டிய இடத்தில் எல்லாம் ளகரம். கண்ணாடி மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.